நாஷ்தாராவும் என் நாக்கும்

பழனிசாமி போன மாதம் கோயம்புத்தூரில் காலமானார். எங்கள் பழைய கம்பெனிக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்ததும் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. யாரோ ஒருவர் 'சிறுதானிய ஃப்ளேக்ஸின் தந்தை' என்று போட்டார். உடனே நாலு பேர் அதையே திரும்பப் போட்டார்கள். ஒரே ஒரு குளிர்காலம் ஓடிய பண்டத்துக்குத் தந்தையாம். துவாரகா ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, எண்பதை நெருங்கும் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது. நானும் ஒரு கைகூப்பிய படம் போட்டேன். போடாவிட்டால் கவனிப்பார்கள்.

மறுநாள் ஒரு பெண் போன் செய்தாள். இப்போது கம்பு, தினை, சாமை எல்லாவற்றையும் அழகான அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அப்படி ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறாளாம். "சார், பழனிசாமி சாரோட வேலை பார்த்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இப்ப டெல்லியில இருக்கீங்க. அவரைப் பத்தி எழுதித் தர முடியுமா? எங்க துறைப் பத்திரிகையில போடறோம்" என்றாள். முப்பத்தைந்து வருடம் நாக்கை வைத்துப் பிழைத்தவன் நான். எங்கள் கம்பெனியின் பிஸ்கட், ஜாம், ஊறுகாய் எதுவும் என் நாக்கைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. என்னைப் பற்றி எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் எதிர்பார்க்கும் கட்டுரை இதுவாக இருக்காது.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம், கெமிஸ்ட்ரியில் ஒரு பட்டம், மைசூரில் ஒரு வருடப் பயிற்சி, பிறகு டெல்லி ஒக்லாவில் உணவுக் கம்பெனி ஒன்றில் வேலை. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. மைசூரில் எங்கள் ஆசிரியர் ஒருநாள் சின்னச் சின்னத் தம்ளர்களில் கசப்பு மருந்து கலந்த தண்ணீரை ஊற்றி வைத்தார். ஒவ்வொரு தம்ளரிலும் மருந்து குறைந்துகொண்டே போகும். மற்றவர்கள் எல்லோரும் கையை விரித்த பிறகும், அதற்கப்பால் மூன்று தம்ளர் வரை எனக்குக் கசந்தது. "கசப்பு உனக்குப் பிறவியிலேயே வந்திருக்குப்பா" என்றார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒக்லாவில் எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர் சோப்ரா சாகிப். நெடுநெடுவென்று வளர்ந்த பஞ்சாபி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. எந்தச் சாம்பிளையும் நின்றுகொண்டேதான் தின்பார். ஒரு கை பேண்ட் பைக்குள் இருக்கும், கண்கள் மூடியிருக்கும். பிடிக்கவில்லை என்று வாயால் சொல்ல மாட்டார். "அச்சா... தேக்தே ஹைன்" என்பார். சரி, பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த அறிக்கையானாலும் அதை எழுதியவனே அவர் முன்னால் நின்று உரக்கப் படிக்க வேண்டும். எழுதும்போது கை சரளமாகப் பொய் சொல்லிவிடும், படிக்கும்போது வாய் தடுமாறும் என்பது அவர் கணக்கு. தடுமாறிய இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுவார். அந்த இடத்தைத் திரும்பச் சோதிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அறிக்கையை எழுதிவிட்டுக் கழிவறையில் போய்ப் படித்துப் பார்த்துக்கொள்வோம்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் முதலாளி வெளிநாடு போய்வந்தார். அங்கே காலையில் எல்லோரும் கிண்ணத்தில் எதையோ கொட்டிப் பால் ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, நம் கம்பெனிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். மக்காச்சோள ஃப்ளேக்ஸ் ஏற்கெனவே கடைகளில் இருந்தது. வேறு ஏதாவது செய்ய வேண்டும். சோப்ரா சாகிப் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

இரண்டு வருடம் கோதுமையோடு மல்லுக்கட்டினேன். கோதுமையை உப்பும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு அவல் போலத் தட்டையாக்கி, பிறகு அடுப்பில் வறுத்தெடுக்க வேண்டும். என் ஃப்ளேக்ஸ் பார்க்கத் தங்க நிறமாக இருந்தது. வாயில் போட்டால் மொறுமொறுவென்று நொறுங்கியது. ஆறிய பாலில் நன்றாகவே தாக்குப்பிடித்தது. சூடான பால் பட்டால் மட்டும் ஒரு நிமிடத்தில் கஞ்சியாகிவிடும். நான் படித்த புத்தகங்களில் எல்லாம் குளிர்ந்த பால் என்றுதான் போட்டிருந்தது. ஆகவே பெட்டியின் மேல் 'ஆறிய பாலில் சாப்பிடவும்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்துவிடலாம் என்று எழுதி, அதை உரக்கவும் படித்தேன்.

சோப்ரா சாகிப் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சங்கர், ஜனவரி மாசம் காலை ஏழு மணிக்கு எந்த அம்மா தன் குழந்தைக்கு ஜில்லென்று பால் கொடுப்பாள்?" என்று இந்தியில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டார். "அச்சா... தேக்தே ஹைன்."

அதற்கு அடுத்த மாதம் பழனிசாமி வந்து சேர்ந்தார். என் வயதுதான். கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைப் போலவே மைசூரில் படித்தவர், எனக்கு இரண்டு வருடம் பின்னால். ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டுமே தமிழர்கள் என்பதால், அவரை நான் பார்த்துக்கொள்வேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கண்கொத்திப் பாம்பாக.

வந்த ஆள் முதல் பத்து நாள் ஆய்வகத்துக்கு மத்தியானம்தான் வந்தார். காலையெல்லாம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்திருந்தார். கரோல் பாகில் சில வீடுகள், ராமகிருஷ்ணபுரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் சில வீடுகள். ஒருநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் மனைவி கோமதி காபி கொடுத்தாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, என் மகள் வள்ளி ஸ்கூலுக்குக் கிளம்புகிற கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆளைப் பார்த்துச் சிரிப்பாக இருந்தது. கோமதிக்கு அப்படி இல்லை.

"அந்த அண்ணாச்சி எம்புட்டுப் பதவிசாப் பேசுதாவ! குடிச்ச டம்ளரைக்கூட அவாளே எடுத்து அங்கணத்துல வச்சுட்டுப் போறாவ. நீங்களும் இருக்கீயளே" என்றாள்.

பதினோராம் நாள் பழனிசாமி சோப்ரா சாகிப் முன் நின்று ஒரே ஒரு பக்க அறிக்கையைப் படித்தார். பிறகு வெளியே வந்து என்னிடம் தமிழில் சொன்னார். "ஏனுங்க சங்கரலிங்கம், ஒரு வூட்லயும் ஆறின பால் ஊத்தறதில்லீங்க. பூத்துல வாங்கியாந்து காச்சி, அப்பிடியே சூட்டோடதான் ஊத்தறாங்க. கொழந்தை ஒடனே திங்கறதும் இல்லீங்க. ஒரு வாய் திங்கும், சடை பின்னுவாங்க, இன்னொரு வாய் திங்கும், சாக்ஸைத் தேடுவாங்க. கடைசி ஸ்பூன் உள்ள போறதுக்கு ஒம்போது நிமிசம் ஆகுதுங்க. சூட்டுப் பால்ல ஒம்போது நிமிசம் மொறுமொறுன்னு நிக்கோணும். அதுக்கு மேல தேவையில்லீங்க."

அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு பங்கு என் மகளுடையது. தினமும் காலையில் அவள் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்தவன் நான். இரண்டு வருடம் நான் கோதுமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் பத்து நாளில் ஸ்பூனைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். மாலையில் அவரைத் திட்ட ஆரம்பித்தேன்.

அவர் எடுத்தது கம்பு. வடக்கே பாஜ்ரா என்று குளிர்காலத்தில் ரொட்டி தட்டுவார்களே, அதேதான். கம்போடு கொஞ்சம் கோதுமை சேர்த்து, என்னுடையதைவிடத் தடிமனாகத் தட்டி, மேலே மெல்லிய வெல்லப்பாகு பூசி, இரண்டு தடவை வறுத்தார். சோப்ரா சாகிப் தன் கையாலேயே பாலைக் காய்ச்சி ஊற்றினார். கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது நிமிடம் காத்திருந்தார். ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். அறை முழுக்கக் கேட்கும்படி 'கறுக்' என்றது. மெல்லும்போதே அவர் கண்ணைத் திறந்ததை என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

முதலாளி அதற்கு நாஷ்தாரா என்று பெயர் வைத்தார். நாஷ்தாவையும் தாராவையும் ஒட்டவைத்த பெயர், காலை உணவின் நட்சத்திரம் என்று பொருள் வரும்படி. கம்பெனியே பழனிசாமியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. அவருக்கு குளிர்காற்று வீசும் டெசர்ட் கூலர் வைத்த தனி அறை ஒதுக்கினார்கள். நான் ஆறு பேரோடு ஒரே மேசையில் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கேன்டீனில் என் வாய் சும்மா இருக்கவில்லை. மாட்டுத் தீவனத்தில் வெல்லம் தடவினால் நாஷ்தா ஆகிவிடுமா என்று கேட்டேன். தமிழில் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எல்லோரும் சிரிக்க வேண்டும் என்று இந்தியில் கேட்டேன். சிரித்தார்கள். எனக்குப் பின்னால் டீ கிளாஸோடு சோப்ரா சாகிப் நின்றுகொண்டிருந்தார். "ஜல்தே ஹோ, சங்கர்?" என்றார் மெதுவாக. எரிகிறதா என்று கேட்டார். நான் சொன்னதற்குச் சிரித்ததைவிட அதற்குத்தான் கேன்டீன் பெரிதாகச் சிரித்தது. பழனிசாமியும் அங்கே இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றிலிருந்து நாஷ்தாராவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நல்லதை மட்டுமே சொல்வது என்று முடிவு செய்தேன்.

இனி அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பண்டம் கடையில் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்க்க அத்தனை மாதம் காத்திருக்க முடியாது. அதனால் பாக்கெட்டுகளைச் சூட்டு அலமாரி என்று நாங்கள் சொல்லும் ஒரு பெட்டிக்குள் அடுக்குவோம். உள்ளே ஜூலை மாதத்து டெல்லியைவிட மோசமான சூடும் புழுக்கமும் இருக்கும். அங்கே ஒரு வாரம் என்பது கடையில் ஏறக்குறைய ஒரு மாதம். விதிப்படி எட்டு வாரம் வைக்க வேண்டும். முதலாளிக்கு நவம்பர் குளிருக்குள் கடைக்குப் போயாக வேண்டும் என்று அவசரம். ஆறாம் வாரத்துப் பாக்கெட்டை ஐந்து பேர் ருசி பார்ப்பது, ஒருவராவது குறை எழுதினால் மிச்ச இரண்டு வாரமும் ஓட்டுவது, யாரும் எழுதாவிட்டால் அன்றே தயாரிப்பைத் தொடங்கிவிடுவது என்று சோப்ரா சாகிப் ஒரு வழி சொன்னார். ஐந்து பேரில் ஐந்தாவதாக என் பெயர் இருந்தது.

ருசி பார்ப்பது காலை பதினொரு மணிக்கு. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து டீ, பான், சிகரெட் எதுவும் கூடாது. தலைக்கு வாசனை எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாதபடி மேசையில் அட்டைத் தடுப்பு இருக்கும். ஆளுக்கு மூன்று கிண்ணம். புதியது எது, பழையது எது என்று தெரியாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மூன்றிலக்க எண். முதலில் முகர வேண்டும். பிறகு முன்பல்லால் கடிக்க வேண்டும். நன்றாக மென்று விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு மனசுக்குள் முப்பது எண்ணிவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். கசப்பு எப்போதும் கடைசியில் வருவது, அடிநாக்கில், தொண்டை ஆரம்பிக்கும் இடத்தில். முப்பது எண்ணச் சொல்லிப் படிவத்தின் தலையிலேயே அச்சடித்திருந்தும் யாரும் எண்ணுவதில்லை. நான் எண்ணுவேன்.

417ல் ஒன்றுமில்லை. 268லும் ஒன்றுமில்லை. 735ஐ முகர்ந்தேன். வறுத்த வாசனையும் வெல்ல வாசனையும் வந்தன. கடித்தேன், நன்றாகவே நொறுங்கியது. விழுங்கிவிட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ எண்ணும்போது தொண்டை ஓரத்தில் மெல்லிசாக ஒரு கசப்பு எட்டிப் பார்த்தது. பழைய எண்ணெயில் பொரித்த அப்பளத்தைத் தின்ற பிறகு வாயில் நிற்குமே, அதில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் கொப்பளித்துவிட்டு இரண்டாம் தடவை தின்றேன். இருந்தது. மூன்றாம் தடவை தின்றேன். இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

படிவத்தில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. பேனாவை அங்கே கொண்டுபோனேன். எழுதினால் சோப்ரா சாகிப் முன் நின்று அதை நான் படிக்க வேண்டும். மற்ற நால்வரும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் மட்டும் கசக்கிறது என்பேன். கேன்டீன் முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சாக இருக்கும். சங்கருக்கு இன்னும் எரிகிறது என்பார்கள். எனக்கே அப்போது என் நாக்கின் மேல் சந்தேகம் வந்தது. கசப்பு கிண்ணத்தில் இருக்கிறதா, என்னிடம் இருக்கிறதா? இதுவரைக்கும் யோக்கியமான தயக்கம்தான். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. கசப்பது நிஜமானால், கடைக்குப் போய்க் கசக்கட்டுமே என்று நினைத்தேன். இந்த வரியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கோமதியிடம்கூட. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வரிசையாக நின்று படித்தோம். பண்டத்தைச் செய்தவர் உள்ளே வரக்கூடாது என்பதால் பழனிசாமி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. நாலு பேர் படித்து முடித்தார்கள். நான் கடைசி.

"குறிப்பு?" என்றார் சோப்ரா சாகிப்.

"குச் நஹீன், சாகிப்." ஒன்றுமில்லை என்று சொன்னேன். வாய் கொஞ்சமும் தடுமாறவில்லை.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கை போட்டார். "உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன், சங்கர். பெரிய மனசு உனக்கு" என்றார். கதவைத் திறந்துகொண்டு வந்த பழனிசாமி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை வேர்த்துச் சில்லென்று இருந்தது. எனக்குப் பெரிய மனசு என்று அந்த ஆய்வகத்தில் ஒரு வருடம் பேர் இருந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

நாஷ்தாரா நவம்பரில் வெளியே வந்தது. சாணக்யபுரிப் பக்கம் ஒரு ஹாலில் விழா. பழனிசாமி மேடையில் கோட்டு போட்டுக்கொண்டு, தமிழ் வாடை அடிக்கும் இங்கிலீஷில் நன்றி சொன்னார். என் பெயரையும் சொன்னார். நான் கை வலிக்கத் தட்டினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க டெல்லியில் அதுதான். மந்திர் மார்க் ஸ்கூலில் படித்த என் மகள் ஒரு நாள் வாயில் ஸ்பூனோடு பாதி இந்தியில் மெச்சிக் கேட்டாள். "அப்பா, இத்னா அச்சா இருக்கே, இதை நீங்களா செஞ்சீங்க?"

"இல்லளா. பழனிசாமி மாமா."

"அச்சா" என்று சொல்லிவிட்டு மறுபடி கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் செய்த கோதுமை ஃப்ளேக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் இரண்டு ஸ்பூனோடு எழுந்து போனது ஞாபகம் வந்தது.

மாதா மாதம் கடையில் ஒரு பெட்டி வாங்கி, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு வாய் தின்று முப்பது எண்ணுவேன். ஜனவரியில் ஒன்றுமில்லை. பிப்ரவரியில் ஒன்றுமில்லை. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த வார்த்தையை யோசித்துத்தான் போடுகிறேன். மே மாதத்து வெயிலில் வாங்கிய பெட்டி பத்து எண்ணுவதற்குள்ளேயே கசந்தது. நான் ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டு வழக்கம்போல ஆபீஸ் போனேன்.

நான் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஜூனில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. குழந்தை துப்புகிறது என்று எழுதினார்கள். வேப்பெண்ணெய் கலந்துவிட்டீர்களா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். மழை பிடித்ததும் கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். அவற்றையெல்லாம் ஆய்வகத்தின் நீள மேசையில் அடுக்கி வைத்தோம். சோப்ரா சாகிப் ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டு எடுத்துக் கண்ணை மூடித் தின்றார். மேசை முடிந்த இடத்தில் பழனிசாமி நின்றுகொண்டிருந்தார்.

"அச்சா... தேக்தே ஹைன்" என்றார்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் பழனிசாமிக்கும் தெரிந்திருந்தது. ஆகஸ்டில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். கம்பின் கருவில் இருக்கும் எண்ணெய் சூட்டில் சிக்கு வாடை பிடித்துக் கசக்கிறது என்று பத்துப் பக்க அறிக்கை எழுதி நானே உரக்கப் படித்தேன். அதில் எல்லாம் இருந்தது, 735ஐத் தவிர. முதலாளி பழனிசாமியைக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று தெரியாது. அவர் அன்று மாலையே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். கூலர் வைத்த அறை எனக்கு வந்தது.

அவர் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிய அன்று மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனேன். பெரிய மனசுக்காரன் போகாமல் இருக்க முடியுமா? கோமதி எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். அவர் மனைவியும் இரண்டு பெண்களும் மெட்ராஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "எதுக்குங்ணா சிரமம்? இவரு பத்து நாளா ஒழுங்காச் சாப்பிடறதே இல்லீங்க. தட்டு முன்னாடி உக்காந்து எந்திரிச்சுப் போயிடறாரு" என்றார்.

பழனிசாமி என்னைப் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்த ருசி பாக்கறதுக்கு உங்களைப் போடச் சொல்லி சோப்ராகிட்டக் கேட்டதே நான்தானுங்க."

"நீரா? எதுக்கு வே?"

"எங்கூர்ல கம்ப அரைச்சா நாலு நாளைக்கு மேல வெக்க மாட்டாங்க, கசந்துபோகும். எனக்கு அந்தப் பயம் இருந்துதுங்க. கெமிஸ்ட்ரி டெஸ்டெல்லாம் சரியாத்தான் வந்துச்சு. ஆனாலும் ஒரு நாக்கு வேணும்னு தோணுச்சு. எம் மேல பிரியமா இருக்கறவங்க நாக்கு உதவாதுங்க. குத்தம் கண்டுபுடிச்சே தீரோணும்னு திங்கற நாக்கு வேணும். அந்த ஆபீஸ்ல அது உங்களுக்குத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் கோபம் இல்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதியிருந்தாப் போதும். கம்ப மொதல்ல ஆவில நல்லா வெச்செடுத்து, கருவை நீக்கிட்டுப் பண்ணியிருப்பனுங்க. மூணு வாரம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். நீங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டுட்டுத்தான் தயாரிப்பைத் தொடங்க நான் கையெழுத்துப் போட்டனுங்க."

நான் எதிர்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நெசமாலுமே அன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா?"

சொல்லியிருக்கலாம். வேலையை விட்டுவிட்டார், ஊருக்குப் போகிறார், இனி என்னை அவர் பார்க்கப் போவதுகூட இல்லை. சொல்லியிருந்தால் அவர் என்னை அடித்திருக்கவும் மாட்டார்.

"தெரியல வே" என்றேன். "தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேனா?"

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்பச் சரிங்க. உங்களுக்கே தெரியலீன்னா அது யாருக்குமே தெரிஞ்சிருக்காதுங்க. பத்து நாளா ஒரே உறுத்தலா இருந்துச்சு, ஏதோ ஒண்ணைப் பாக்காம விட்டுட்டனோன்னு. இப்ப மனசு லேசாப் போச்சுங்க." என் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவர் மனைவியிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். முதல் கவளத்தை வாயில் போட்டதும் "கோமதிம்மா கையே கைங்க" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். பெண்கள் இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பங்கையும் அவர் பக்கம் தள்ளி வைத்தார். வேலை போய், பேர் போய், டெல்லியை விட்டே போகிற மனிதர், பத்து நாள் பசியையும் சேர்த்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார். வண்டி நகரும் வரை ஜன்னல் பக்கத்தில் நின்று அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு அவர் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.